நீண்ட ஸ்கிரிப்ட் ஓடும்போது திரை உறைந்துவிடுகிறது: பாமினி மாற்றிச் செயலிக்கு வழி சொல்லுங்கள்

பனையோலை (மானிப்பாய்)

வணக்கம். ஆண்ட்ராய்டில் ஒரு செயலி எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் சனசமூக நிலையத்தில் பழைய கோப்புகள் நிறைய இருக்கின்றன. நிலையத்தின் ஆண்டு மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், அந்தியேட்டிச் சடங்குக்கு அடித்துக் கொடுத்த கல்வெட்டுகள் (இறந்தவரின் நினைவு நூல்கள்) என்று எல்லாம் அச்சகங்கள் இறுவட்டில் பதிந்து தந்தவை. எல்லாமே ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. கல்வெட்டுகளில் வம்சாவளி விவரங்கள் இருப்பதால் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஆனால் பெயரைத் தட்டச்சு செய்து தேட முடியவில்லை. அவற்றை யூனிகோடுக்கு மாற்றிக் கைத்தொலைபேசியிலேயே தேடக்கூடியதாக வைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். நிலையத்தில் கணினி இல்லை. நிர்வாகத்தில் இருக்கிற எல்லோரிடமும் தொலைபேசி இருக்கிறது.

மாற்றும் விதிகளைச் செயலிக்குள் புதைக்காமல் தனி ஜாவாஸ்கிரிப்ட் கோப்பாக வைத்திருக்கிறேன். அச்சகத்துக்கு அச்சகம் எழுத்துருவில் சிறு வேறுபாடுகள் இருப்பதால், விதியைத் திருத்துவதற்காகப் புதிய பதிப்பு வெளியிட வேண்டிய நிலை வரக்கூடாது. ஸ்கிரிப்டை ஓட்டுவது செயலியோடு சேர்த்திருக்கிற குயிக்ஜேஎஸ் எந்திரம்.

சிறிய கோப்பென்றால் சிக்கலில்லை. ஒரு முழு மலரைக் கொடுத்தால் திரை அப்படியே நின்றுவிடுகிறது. சுற்ற வேண்டிய வட்டம் சுற்றுவதில்லை, 'நிறுத்து' பொத்தானைத் தொட்டாலும் அசைவில்லை. கொஞ்ச நேரத்தில் 'செயலி பதிலளிக்கவில்லை' என்ற பெட்டி வருகிறது. இவ்வளவுக்கும் வேலையைக் கோட்லின் மொழியின் கோரூட்டீனில்தான் (இடையில் நின்று தொடரக்கூடிய பணி) போட்டிருக்கிறேன்; திரையின் தரவை வைத்திருக்கும் வியூமாடலின் ஸ்கோப்பில் லாஞ்ச். அப்படியானால் அது பின்னணியில்தானே ஓட வேண்டும்?

முற்றவெளி (யாழ்ப்பாணம்)

தம்பி, அது பின்னணியில் ஓடவில்லை. கோரூட்டீனில் போட்டாலே வேலை வேறு இழைக்கு (த்ரெட், செயலிக்குள் தனியாக ஓடும் வேலைத் தொடர்) போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். வியூமாடல் ஸ்கோப் இயல்பாகவே திரையைக் கவனிக்கும் பிரதான இழையின் டிஸ்பாட்சரைத்தான் (வேலை எந்த இழையில் ஓடும் என்று தீர்மானிப்பது) பயன்படுத்துகிறது. நீங்கள் வேறெதுவும் சொல்லாதவரை உங்கள் ஸ்கிரிப்ட் அங்கேயேதான் ஓடும்.

பிரதான இழையில் என்ன நடக்கிறது என்பதைத் தெளிவாகப் பார்த்தால் மற்றவை விளங்கும். விரல் படுவது, திரையை வரைவது, ஆக்டிவிட்டி (செயலியின் ஒரு திரை) தொடங்குவது, முடிவது எல்லாம் ஒரே வரிசையில் செய்திகளாக வந்து நிற்கின்றன. லூப்பர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் செய்கிறது. கையிலிருப்பது முடியாமல் அடுத்ததைத் தொடாது. 60 ஹேர்ட்ஸ் திரையில் ஒரு சட்டகத்துக்கு (திரையை ஒரு முறை வரைவதற்கு) கிடைப்பது ஏறக்குறைய 16.7 மில்லிவிநாடி, 120 ஹேர்ட்ஸ் என்றால் 8.3 மில்லிவிநாடிதான். 700 மில்லிவிநாடியைத் தாண்டிய சட்டகத்தை உறைந்த சட்டகம் என்று கூகுள் கணக்கில் எடுக்கிறது. விரல் பட்ட செய்தி 5 விநாடிகளாகக் கவனிக்கப்படாமல் கிடந்தால் நீங்கள் பார்த்த அந்தப் பெட்டி வருகிறது.

கோரூட்டீன் இழையை விட்டுக்கொடுப்பது இடைநிறுத்தம் வரும் இடத்தில் மட்டுமே. வலைப்பின்னலின் பதிலுக்குக் காத்திருந்தால் விட்டுக்கொடுக்கும். உங்கள் ஸ்கிரிப்ட் எதற்கும் காத்திருக்கவில்லை, கணக்கைச் செய்துகொண்டே இருக்கிறது. எனவே தொடங்கியதிலிருந்து முடியும்வரை பிரதான இழை அதன் பிடியில்தான்.

ஸ்கிரிப்டை அழைக்கும் வரியை வித்கான்டெக்ஸ்டுக்குள் வைத்து 'டிஸ்பாட்சர்ஸ் டிஃபால்ட்' கொடுத்துப் பாருங்கள். ஐஓ வேண்டாம். அது கோப்புக்கும் வலைக்கும் காத்திருக்கிற வேலைகளுக்கானது; 64 இழைகள் வரை திறக்கும். டிஃபால்ட் செயலியகத்தின் கருக்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப இழைகளை வைத்திருக்கும். கணக்கு வேலைக்கு அதுதான் பொருத்தம்.

பனையோலை (மானிப்பாய்)

நன்றி அக்கா. திரை இப்போது அசைகிறது, வட்டமும் சுற்றுகிறது. ஆனால் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. அதே கோப்பு சில வேளைகளில் ஒழுங்காக முடிகிறது. சில வேளைகளில் ஸ்கிரிப்ட் எந்திரம் அடுக்கு (செயற்பாட்டு அழைப்புகளைக் குறித்து வைக்கும் நினைவகம்) நிரம்பிவிட்டது என்று பிழை காட்டி நின்றுவிடுகிறது. ஸ்கிரிப்டில் ஆழமாகத் தன்னைத்தானே அழைக்கும் செயற்பாடு எதுவும் இல்லை.

முற்றவெளி (யாழ்ப்பாணம்)

எந்திரத்தை எங்கே உருவாக்குகிறீர்கள்? வியூமாடல் தொடங்கும்போது பிரதான இழையில் உருவாக்கிவிட்டு டிஃபால்ட் இழையில் ஓட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். குயிக்ஜேஎஸ் தான் உருவான இழையின் அடுக்கு எங்கே தொடங்குகிறது என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து எவ்வளவு தூரம் போயிருக்கிறோம் என்று கணக்கிடுகிறது. வேறொரு இழையில் ஓடும்போது அந்த முகவரிக்கும் நிகழ்காலத்துக்கும் தொடர்பே இல்லை. இழையைப் பொறுத்துச் சில நேரம் தப்பும், சில நேரம் பிழை என்று தீர்மானித்துவிடும். அதைப் புதுப்பிக்க ஒரு அழைப்பு உண்டு. ஆனால் அதைவிட நல்லது, எந்திரத்துக்கென்று ஒரே ஒரு இழையை ஒதுக்குவது. உருவாக்குவது, ஓட்டுவது, மூடுவது மூன்றும் அந்த இழையிலேயே நடக்கட்டும். ஒற்றை இழை எக்ஸிகியூட்டர் ஒன்றை உருவாக்கி அதை டிஸ்பாட்சராக மாற்றிக்கொள்ளலாம். 'லிமிட்டட் பேரலலிசம் ஒன்று' என்று போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். அது ஒரே நேரத்தில் ஒன்றுதான் ஓடும் என்று உறுதி தரும். அதே இழையில்தான் ஓடும் என்று தராது.

இன்னொன்று. பிரதான இழையின் அடுக்கு வழக்கமாக 8 மெகாபைட். ஜாவா வழியாகத் திறக்கும் இழைக்கு ஏறக்குறைய 1 மெகாபைட்தான் கிடைக்கும். பிரதான இழையில் ஓடிய ஆழமான தேடற்கோவை (உரையில் வடிவங்களைத் தேடும் விதி) இங்கே வந்து விழுந்துவிடலாம். இழையை உருவாக்கும்போதே அடுக்கின் அளவைக் கேட்டு வாங்க வழி இருக்கிறது.

துன்னாலையான்

இவ்வளவு சுற்ற வேண்டுமா? தனி இழை என்று போனாலே யார் எந்தத் தரவைத் தொடுகிறார்கள் என்ற கவலை கூடவே வரும். நான் வலைக்காட்சி (செயலிக்குள் வலைப்பக்கம் காட்டும் வெப்வியூ) செயலிகளில் வேலையைத் துண்டாக்கித்தான் ஓட்டுகிறேன். ஒரு பத்தியை மாற்று, நேரத்தைப் பார், 8 மில்லிவிநாடி போய்விட்டதா, மீதியை வரிசையின் கடைசியில் போட்டுவிட்டுத் திரும்பு. இடையில் திரை தன் வேலையைச் செய்துகொள்ளும். எல்லாம் ஒரே இழையில் நடப்பதால் பூட்டும் வேண்டாம், மோதலும் வராது.

முற்றவெளி (யாழ்ப்பாணம்)

துண்டாக்குவது நல்ல முறைதான். திரையில் இருக்கிற பொருள்களையே தொட்டாக வேண்டிய வேலை என்றால் அதுதான் வழி, ஏனென்றால் உருவாக்கிய இழையைத் தவிர வேறெதுவும் அவற்றைத் தொடக்கூடாது. ஆனால் இந்தத் தம்பியின் வேலைக்கு அது பொருந்தாது என்று உறுதியாகச் சொல்வேன்.

நீங்கள் துண்டின் நீளத்தைத் துண்டு முடிந்த பிறகுதான் அளக்கிறீர்கள். ஒரு பத்தியின் மீது ஓடும் தேடற்கோவை நடுவில் நிற்காது. உங்கள் கையிலிருக்கிற தொலைபேசியில் 6 மில்லிவிநாடியில் முடிகிற பத்தி, நிலையத் தலைவரின் பழைய தொலைபேசியில் சட்டகத்தின் நேரத்தைத் தாண்டிவிடும். கல்வெட்டுகளில் முழுப் பக்கமும் ஒரே பத்தியாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்த முறை சோதிக்கிற தொலைபேசியில் நன்றாக இருந்து, பயன்படுத்துகிறவரின் தொலைபேசியில் திணறும். அத்தோடு ஒவ்வொரு துண்டுக்கும் இடையில் காத்திருப்பதால் முழு வேலையும் நீண்டுவிடும்.

வலைக்காட்சியிலும் வெப் வேர்க்கர் என்ற தனி இழை இருக்கிறது. அங்கே தரவு பகிரப்படுவதில்லை, பிரதியெடுத்து அனுப்பப்படுகிறது. நீங்கள் பயப்படுகிற மோதல் அங்கும் வராது.

துன்னாலையான்

பழைய தொலைபேசி பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஃப்ளட்டரிலும் (டார்ட் மொழியில் செயலி எழுதும் கருவித்தொகுதி) இதே கதை என்பதைச் சேர்த்துச் சொல்கிறேன், தேடி வருகிறவர்களுக்கு உதவும். அங்கே அவெயிட் போட்டால் வேலை பின்னணிக்குப் போய்விடும் என்று எண்ணுகிறார்கள். போகாது. டார்ட்டில் கணக்கு வேலையைத் தள்ளிவைக்க ஐசொலேட் என்ற தனித்த ஓட்டம் வேண்டும். டார்ட் 2.19 முதல் 'ஐசொலேட் ரன்' என்ற ஒரு வரி அழைப்பே போதும். ஐசொலேட்டுகள் நினைவகத்தைப் பகிர்வதில்லை. எனவே பெரிய பைட் அணி போன்ற, மாற்றக்கூடிய தரவை உள்ளே அனுப்பும்போது பிரதிச் செலவு உண்டு. கோப்பின் பாதையை மட்டும் அனுப்பி உள்ளேயே திறந்து படிப்பது சிக்கனம்.

ஆனால் துண்டாக்குவதை நான் முழுதாகக் கைவிடவில்லை. வேலை தனி இழைக்குப் போன பிறகும் அதைப் பக்கம் பக்கமாகப் பிரித்துத்தான் ஓட்ட வேண்டும். நடுவில் நிறுத்துவதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வதும் வேறெப்படி நடக்கும்?

முற்றவெளி (யாழ்ப்பாணம்)

அது மிகவும் சரி. அங்கே நாம் இருவரும் ஒரே பக்கம்.

திருநெல்வேலிச் சந்தி

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். ஒரு சந்தேகம். பயனர் 'நிறுத்து' என்று தொட்டால் கோரூட்டீனை ரத்துச் செய்தால் போதும்தானே? இல்லாவிட்டால் அந்த இழையையே நிறுத்திவிடலாம் அல்லவா?

முற்றவெளி (யாழ்ப்பாணம்)

இரண்டும் நடக்காது தங்கச்சி (தம்பி என்றால் மன்னிக்கவும்). இழையை வலிந்து நிறுத்தும் அழைப்பு ஜாவாவில் 1998 முதலே கைவிடப்பட்டது. ஆண்ட்ராய்டில் அதை அழைத்தால் ஆதரவில்லை என்று பிழைதான் வரும். காரணம் நியாயமானது. பூட்டைப் பிடித்தபடி பாதி எழுதிய தரவோடு ஓர் இழையைக் கொன்றால், மிச்சமிருக்கிற செயலி அந்தப் பாதித் தரவோடுதான் ஓட வேண்டும்.

கோரூட்டீனின் ரத்து என்பது ஒரு கோரிக்கை. ஓடுகிற வேலை இடையிடையே 'என்னை ரத்துச் செய்துவிட்டார்களா' என்று பார்க்க வேண்டும். கோட்லினில் எழுதிய சுற்றென்றால் 'என்ஷூர் ஆக்டிவ்' அழைக்கலாம். ஆனால் இங்கே கட்டுப்பாடு ஸ்கிரிப்ட் எந்திரத்தின் உள்ளே போய்விட்டது. அது சி மொழியில் எழுதியது, அதற்குக் கோரூட்டீன் என்றால் என்னவென்றே தெரியாது. ரத்துச் செய்ததாகத் திரை சொல்லும். ஸ்கிரிப்ட் தன்பாட்டில் ஓடி மின்கலத்தைத் தின்றுகொண்டிருக்கும்.

அதனால்தான் நல்ல எந்திரங்கள் எல்லாவற்றிலும் குறுக்கிடும் வாசல் ஒன்று வைத்திருக்கிறார்கள். குயிக்ஜேஎஸ்ஸில் குறுக்கீட்டுக் கையாளி ஒன்றைப் பதிவு செய்யலாம். எந்திரம் ஓடும்போது இடையிடையே அதை அழைக்கும். அது சுழியமல்லாத எண்ணைத் திருப்பினால் ஸ்கிரிப்ட் அங்கேயே முறிந்துவிடும், ஸ்கிரிப்டுக்குள் இருக்கிற பிழைப் பிடிப்பால் கூட அதைத் தடுக்க முடியாது. லூவா ஸ்கிரிப்ட் மொழியில் இத்தனை கட்டளைகளுக்கு ஒரு முறை என்று கொக்கி மாட்டலாம். ரைனோ என்ற ஜாவாஸ்கிரிப்ட் எந்திரத்தில் கட்டளை எண்ணிக்கையைக் கவனிக்கும் செயற்பாட்டை மேலெழுதலாம். ஆண்ட்ராய்டில் ரைனோவைப் பயன்படுத்துகிறவர்கள் உகப்பாக்க மட்டத்தைக் கழித்தல் ஒன்றில் வைக்க மறக்கக்கூடாது.

பனையோலை, ஓர் அணுநிலைக் கொடியை (இழைகள் பாதுகாப்பாகப் பகிரும் ஆம்/இல்லை மதிப்பை) வைத்துக்கொள்ளுங்கள். பொத்தான் அதை உயர்த்தட்டும், கையாளி அதைப் பார்க்கட்டும். விதிகளை வேறு ஆட்களும் எழுதப் போகிறார்கள் என்பதால் நேர எல்லையையும் அதே கையாளியில் வைத்துவிடுங்கள். முடிவில்லாத சுற்று எழுதப்பட்ட ஸ்கிரிப்ட் ஒரு நாள் நிச்சயமாக வந்து சேரும்.

பனையோலை (மானிப்பாய்)

கையாளியைப் போட்டுவிட்டேன், பொத்தான் உடனே கேட்கிறது. சந்தோசமாக இருக்கிறது.

இப்போது மிஞ்சியிருப்பது இது: மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போது முடிந்த பக்கங்களைப் படிக்கலாம் என்று கீழே காட்டுகிறேன். அங்கே விரலால் தள்ளினால் துள்ளித் துள்ளிப் போகிறது. கோப்பின் பிற்பகுதிக்குப் போகப் போக இன்னும் மோசமாகிறது. வேலைதான் வேறு இழையில் நடக்கிறதே, பின் ஏன்?

முற்றவெளி (யாழ்ப்பாணம்)

முன்னேற்றத்தை எப்படித் தெரிவிக்கிறீர்கள்? அந்தப் பகுதியை மட்டும் இங்கே எழுதுங்கள்.

பனையோலை (மானிப்பாய்)

ஒவ்வொரு வரி முடிந்ததும் ஸ்கிரிப்ட் கோட்லின் பக்கத்துச் செயற்பாட்டை அழைக்கிறது. வரி எண்ணும் இதுவரை மாற்றிய உரையும் அதில் போகின்றன. அது பிரதான இழைக்குச் செய்தி போட்டு, பட்டையை நகர்த்தி, உரையை ஒரே டெக்ஸ்ட்வியூவில் (உரை காட்டும் பெட்டியில்) வைக்கிறது.

முற்றவெளி (யாழ்ப்பாணம்)

கணக்கைப் பின்னணிக்கு அனுப்பிவிட்டு அதன் சத்தம் முழுவதையும் பிரதான இழைக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். வரிக்கு வரி செய்தி போனால் வரிசை அவற்றாலேயே நிரம்பும். விரல் பட்ட செய்தி அவற்றின் பின்னால் நிற்கும். மனிதக் கண்ணுக்கு விநாடிக்குப் பத்து முறைக்கு மேல் பட்டை நகர்ந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஸ்டேட்ஃப்ளோ பயன்படுத்துங்கள். அது கடைசி மதிப்பை மட்டும் வைத்திருக்கும். திரை வாசிக்கத் தாமதித்தால் இடையில் வந்தவை தாமாகவே விழுந்துவிடும். எண்ணை மட்டும் அனுப்புங்கள், உரையை அனுப்ப வேண்டாம்.

உரைதான் பெரிய குற்றவாளி. வரிக்கு வரி இதுவரையான முழு உரையும் எந்திரத்திலிருந்து ஜாவாப் பக்கம் பிரதியாகிறது. நூறாவது வரியில் நூறு வரிகள், ஆயிரமாவது வரியில் ஆயிரம் வரிகள். பிற்பகுதியில் மோசமாவதற்கு இதுவே காரணம். பயன்படாத அந்தப் பிரதிகளை நினைவகத்திலிருந்து கூட்டி அள்ளும் வேலையும் சேர்ந்து செயலி முழுவதையும் இழுக்கிறது. அதோடு டெக்ஸ்ட்வியூ ஒவ்வொரு முறையும் உரையை முதலிலிருந்து அளந்து வரி பிரிக்கிறது. தமிழுக்கு இது மலிவான வேலை அன்று. கொம்பையும் காலையும் எழுத்தோடு சேர்த்து வடிவமைத்த பிறகுதான் அகலம் தெரியும். இந்த அளவீடு நடப்பது பிரதான இழையில்.

பக்கத்தைத் தரவுத்தளத்தில் எழுதுங்கள். திரை அங்கிருந்து, கண்ணுக்குத் தெரிகிற பத்திகளை மட்டும் ரிசைக்கிளர்வியூவிலோ லேசி காலமிலோ எடுத்துக் காட்டட்டும். எந்திரத்தின் இழைக்குப் பின்னணி முன்னுரிமையும் கொடுத்துவிடுங்கள். கருக்கள் குறைந்த தொலைபேசியில் அது விரலுக்கு வழி விடும்.

டெவலப்பர் தெரிவுகளில் சட்டக நேரத்தைப் பட்டைகளாகக் காட்டும் வசதி இருக்கிறது. பச்சைக் கோடு 16 மில்லிவிநாடி. மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அதைத் திறந்து வைத்துப் பாருங்கள்.

ஆறுகால்மடம்

பிள்ளைகளே, நான் அச்சகத்தில் பாமினியில் தட்டச்சு செய்து காலம் போக்கியவன். நீங்கள் இழை என்று பேசுவது எனக்கு அரைகுறையாகத்தான் விளங்குகிறது. ஆனால் மாற்றி வந்த உரையைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். 'வெளியீடு' என்பது சரியாக வருகிறதா? இணையத்தில் எத்தனையோ பக்கங்களில் 'வௌியீடு', 'தௌிவு', 'வௌ்ளி' என்று கிடப்பதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். கல்வெட்டில் ஒரு மனிதரின் ஊரும் பேரும் இப்படிச் சிதைந்தால் யார் தேடி எடுப்பார்கள்?

பனையோலை (மானிப்பாய்)

ஐயா, இப்போதே பார்த்தேன். 'வௌியீடு' என்றுதான் வந்திருக்கிறது. 'அவர்கள்' என்பதும் சில இடங்களில் காலுக்கு மேல் புள்ளி வைத்தது போல 'அவா்கள்' என்று இருக்கிறது. இணையத்தில் கிடைத்த மாற்று அட்டவணையை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறேன்.

ஆறுகால்மடம்

அப்படியானால் கேளுங்கள். பாமினியில் நாங்கள் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடிப்போம். 'கொ' என்றால் கொம்பு, பிறகு க, பிறகு கால். ஐகாரத்துக்கும் சங்கிலி முதலில், எழுத்துப் பிறகு. 'கௌ' என்றால் கொம்பு, க, பிறகு ள. அந்த ளகரமும் சாதாரண ளகரமும் ஒரே விசைதான். 'வெளியீடு' அடித்தாலும் கொம்பு, வ, ள என்றுதான் வரும். அட்டவணை அந்த மூன்றையும் பார்த்தவுடன் 'வௌ' என்று முடிவு கட்டிவிடுகிறது. எங்கள் கண் பிரித்துப் படிக்கும், அட்டவணை பிரிக்காது.

பிரிப்பதற்கு வழி உண்டு. ளகரத்துக்குப் பின்னால் விசிறியோ, காலோ, புள்ளியோ வந்தால் அது ளகரமே. ஔகாரக் குறிக்குப் பின் அவை வரவே முடியாது. கௌரவம், மௌனம், பௌர்ணமி, வௌவால் எல்லாவற்றிலும் அடுத்தது இன்னோர் எழுத்தாக இருக்கும். புள்ளி வைத்த காலும் அப்படித்தான், தமிழில் அது கிடையாது. சிலர் ரகரத்துக்குப் பதில் காலை அடித்துப் புள்ளி போட்டுவிடுவார்கள், தாளில் வேறுபாடு தெரியாது. அதை எங்கே கண்டாலும் 'ர்' என்று திருத்தலாம்.

முற்றவெளி (யாழ்ப்பாணம்)

ஐயா சொன்னதில் வேகத்தின் விடையும் இருக்கிறது. பனையோலை, உங்கள் அட்டவணை சில நூறு சோடிகளாகவும், ஒவ்வொரு சோடிக்கும் முழு உரையின் மீது ஒரு முறை ரிப்ளேஸ் ஓடுவதாகவும் இருக்கும். நீளமானவை முதலில், குறுகியவை பிறகு என்று அடுக்கியிருப்பார்கள். 'கெ'யை முதலில் மாற்றினால் 'கொ' கெட்டுவிடும் என்பதற்காக. பொருத்தம் கிடைக்கிற ஒவ்வொரு முறையும் முழு மலருக்கும் புதிய பிரதி. உங்கள் ஸ்கிரிப்ட் நீளமாக ஓடுவதற்குக் காரணமே அதுதான்.

ஒரே நடையில் முடிக்கலாம். இடமிருந்து ஓர் எழுத்தாகப் படியுங்கள். கொம்போ சங்கிலியோ வந்தால் கையில் வைத்துக்கொண்டு அடுத்த மெய்யைப் படியுங்கள். அதற்கடுத்தது கால் என்றால் ஒகரம் அல்லது ஓகாரம். ளகரம் என்றால் ஒன்று தள்ளிப் பார்த்து ஐயா சொன்ன விதிப்படி தீர்மானியுங்கள். முடிவுகளை ஓர் அணியில் சேர்த்துக் கடைசியில் ஒட்டுங்கள். உரை எத்தனை எழுத்தோ அத்தனை படிகள், சோடிகள் எத்தனை என்பது பொருட்டே இல்லை. சரியும் வேகமும் ஒன்றாக வருகிற இடம் இது. ரிப்ளேஸ் வரிசையில் ஒன்று தள்ளிப் பார்க்கிற விதியைச் சொல்வதே பெரும்பாடு.

எழுதும்போது ஒகரக் குறியை ஒரே குறியாக எழுதுங்கள். கொம்பும் காலும் தனித்தனியாக எழுதினாலும் திரையில் அப்படியேதான் தெரியும், ஆனால் தேடல் கண்டுபிடிக்காது.

துன்னாலையான்

இதற்குப் பிறகு மலர் ஒன்று கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிட்டால் இழையெல்லாம் தேவையா என்று யாரும் கேட்கக்கூடும். தேவைதான். இறுவட்டு முழுவதையும் ஒரே தடவையில் கொடுப்பார்கள்.

ஆங்கிலச் சொற்களையும் மறக்க வேண்டாம். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. வெற்று உரையாக எடுத்தால் மின்னஞ்சல் முகவரியும் தமிழாகிவிடும். வேர்ட் கோப்பாக இருந்தால் ஒவ்வொரு துணுக்குக்கும் எழுத்துருவின் பெயர் உள்ளே இருக்கிறது. பாமினி என்று குறித்தவற்றை மட்டும் ஸ்கிரிப்டுக்குக் கொடுங்கள். டாக்எக்ஸ் என்பது சிப் பொதிக்குள் இருக்கிற எக்ஸ்எம்எல்தான். பிரித்தெடுப்பதையும் அதே பின்னணி இழையில் செய்யுங்கள்.

பனையோலை (மானிப்பாய்)

ஒரே நடை முறைக்கு மாற்றிவிட்டேன். 'வெளியீடு' சரியாக வருகிறது. தனி மலர் ஒன்றுக்கு முன்னேற்றப் பட்டையைப் பார்ப்பதற்குள் முடிந்துவிடுகிறது.

துன்னாலையான் அண்ணா சொன்னதுதான் அடுத்தது. இறுவட்டிலிருந்த கோப்புறை முழுவதையும் கொடுத்துவிட்டுத் தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்தால், திரும்ப எடுக்கும்போது பாதியில் நின்றிருக்கிறது. சில வேளை முதலிலிருந்து தொடங்குகிறது.

முற்றவெளி (யாழ்ப்பாணம்)

வியூமாடல் திரை சுழலும்போது தப்பும். செயலியின் பிராசஸ் கொல்லப்பட்டால் தப்பாது. திரை அணைந்து செயலி பின்னால் போனதும், நினைவகம் குறைந்த தொலைபேசியில் அது எப்போதும் நடக்கலாம். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 முதல், அசையாமல் கிடக்கும் தொலைபேசியில் டோஸ் என்ற மின்சேமிப்பு முறையும் வேலைகளைத் தள்ளிவைக்கிறது.

வேலையை, பின்னணிப் பணிகளைப் பார்த்துக்கொள்ளும் வேர்க்மேனேஜரிடம் ஒப்படையுங்கள். சாதாரண வேர்க்கருக்கு 10 நிமிட எல்லை உண்டு. அதைத் தாண்டும் என்றால் முன்னணிச் சேவையாக உயர்த்தி, மேலே ஓர் அறிவிப்பைக் காட்ட வேண்டும். ஆண்ட்ராய்டு 13 முதல் அந்த அறிவிப்பு கண்ணில் படப் பயனரின் அனுமதி வேண்டும். 14 முதல் சேவையின் வகையை அறிவித்தாக வேண்டும். 15இல் தரவு ஒத்திசைவு வகைக்கு 24 மணி நேரத்தில் 6 மணி நேரம்தான்.

ஆனால் இவற்றில் எதையும் நம்பி முழு வேலையையும் ஒரே மூச்சாக எழுத வேண்டாம். பக்கம் ஒன்று முடிந்ததும் அதன் உரையையும், எந்தக் கோப்பின் எத்தனையாவது பக்கம் என்பதையும் எஸ்கியூலைட்டில் ஒரே பரிவர்த்தனையாக எழுதுங்கள். இரண்டும் சேர்ந்து விழும், அல்லது இரண்டும் விழாது. மின்கலம் தீர்ந்து அணைந்தாலும் அடுத்த முறை சரியான பக்கத்திலிருந்து தொடரும். பக்கத்துக்கு ஒரு பரிவர்த்தனை போதும். வரிக்கு ஒன்று என்று வைத்தால் ஒவ்வொன்றும் சேமிப்பகம் உறுதிசொல்லும்வரை காத்திருந்து மறுபடியும் மந்தமாகிவிடும்.

திருநெல்வேலிச் சந்தி

தங்கச்சிதான் அக்கா. ஐபோனில் இதையே செய்வதென்றால்?

துன்னாலையான்

வரைவதும் தொடுகையும் பிரதான இழையில்தான், வேலை வேறு வரிசையில்தான், அதில் மாற்றமில்லை. செயலி பின்னால் போன பிறகு அங்கே கண்டிப்பு அதிகம். கூடுதல் நேரம் கேட்டால் ஏறக்குறைய அரை நிமிடம் கிடைக்கும். நீண்ட வேலைக்கு ஐஓஎஸ் 13இல் வந்த பின்னணிச் செயலாக்கப் பணி இருக்கிறது, ஆனால் எப்போது ஓடும் என்பதைத் தொலைபேசிதான் தீர்மானிக்கும், பெரும்பாலும் மின்னேற்றத்தில் கிடக்கும் இரவில். எனவே பக்கத்துக்குப் பக்கம் குறித்து வைக்கிற முறை அங்கே இன்னும் அவசியம்.

பனையோலை (மானிப்பாய்)

வேர்க்மேனேஜருக்கு மாற்றி, பக்கக் கணக்கையும் சேர்த்துவிட்டேன். நடுவில் செயலியை வலிந்து மூடிவிட்டுத் திறந்தால் அடுத்த பக்கத்திலிருந்து தொடர்கிறது. எல்லோருக்கும் நன்றி.

ஆறுகால்மடம் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். ஒரு கும்பாபிஷேக மலரில் 'ஸ்ரீ', 'க்ஷ' வருகிற இடங்களில் மட்டும் வேறெழுத்துகள் விழுகின்றன. அந்த அச்சகம் இப்போது இல்லை. மூலப் பக்கத்தின் படத்தையும் அதற்கு நேரே வந்த உரையையும் இங்கே இணைக்கிறேன். எந்த விசையில் எதை வைத்திருந்தார்கள் என்று பார்த்துச் சொன்னால் விதிக் கோப்பில் சேர்த்துவிடுவேன்.

ஆறுகால்மடம்

அனுப்புங்கள் பிள்ளை. படம் தெளிவாக இருக்கட்டும், 'ஸ்ரீ' வருகிற வரியை நெருக்கமாக எடுத்து இன்னொன்றும் போடுங்கள். அந்த மலரின் கடைசிப் பக்கத்தில் நன்றியுரை இருக்கும். அதில் கிரந்த எழுத்துகள் நிறைய வரும், அதையும் சேர்த்து அனுப்பினால் ஒரே தடவையில் பார்த்துவிடலாம்.